நான்தான் என்று சொல்ல எத்தனை விநாடி?

மூன்று மாதங்களுக்கு முன், ஒரு முகூர்த்த நாளின் விடியற்காலையில், உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக எங்கள் குடும்பம் முழுவதும் புறப்பட்டு, வாடகைக் கார் தெருவில் காத்து நிற்க, சீர்த்தட்டை மடியில் வைத்துக்கொண்டு அத்தை முன்கூட்டியே ஏறி உட்கார்ந்துவிட, "கதவைச் சாத்திட்டு வர்றேன், போங்க" என்று கடைசியாகப் பின்தங்கிய என் மாமனார், தமது 81-ஆவது வயதில், தாமே கட்டிய வீட்டின் வராந்தாவில், ஒரு கையால் இரும்பு கிரில்லைப் பற்றிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்பு மாட்டிய நிலையில், தலைக்கு மேலே அலறிய சைரனை நிமிர்ந்து பார்த்து, "நான்தாம்ப்பா, நான்தான்" என்று சொல்லிக்கொண்டு நின்ற காட்சியை நான் கண்டேன்.

இன்னும் அது கண்ணைவிட்டு அகலவில்லை.

எதிர் வீட்டில் விளக்கு எரிந்தது. பக்கத்து வீட்டுக்காரர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் டார்ச்சுடன் ஓடிவந்தார். (அவருக்கு நான் ஆயுளுக்கும் நன்றி சொல்வேன், சைரன் கேட்டு ஜன்னலைச் சாத்திக்கொள்ளும் ஊர்களும் இருக்கின்றன.) நான் ஓடிப்போய் உள்ளே நுழைந்து நான்கு இலக்கங்களை அழுத்தியதும் சத்தம் நின்றது. கல்யாணத்துக்குப் போனோம், சாப்பிட்டோம், திரும்பினோம். ஆனால் அன்றைக்குப் பிறகு மாமா அந்தக் கீபேடின் பக்கமே போகவில்லை. வீட்டில் அவரும் அத்தையும் தனியே இருந்துவிட்டு வெளியே கிளம்பும் நாட்களில் வீடு வெறும் பூட்டோடு கிடந்தது. எந்த இரு முதியவர்களின் க்ஷேமத்துக்காக அந்தக் கருவியை வாங்கினோமோ, அவர்களே அதைக் கண்டு அஞ்சி ஒதுங்கினார்கள்.

மாமா சத்தத்துக்குப் பயந்தவர் அல்லர் என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் உத்தியோகம் பார்த்தவர். சங்கு ஊதுகிற சத்தத்துக்கு எழுந்து, சங்கு ஊதுகிற சத்தத்துக்கு வீடு திரும்பி, அந்த ஒலியைக் கொண்டே தம் வாழ்நாளை அளந்தவர். "சங்கு ஊதினா மணி ஆச்சுன்னு அர்த்தம். இது ஊதினா நான் திருடன்னு அர்த்தமா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு யோக்கியமான பதிலைத் தேடிக்கொண்டு போன கதைதான் இது.

முதலில் நடந்தது என்ன என்று கேளுங்கள்.

வீட்டை விட்டுப் புறப்படும்போது கீபேடில் ரகசிய எண்ணை அழுத்தி அலாரத்தைக் காவலில் நிறுத்துகிறோம் (கருவி பொருத்துகிறவர்கள் 'ஆர்ம் பண்றது' என்பார்கள்). அழுத்தியவுடனேயே அது விழித்துக்கொண்டால், கீபேடிலிருந்து வாசலுக்கு நடக்கும் நம்மையே பிடித்துவிடும் அல்லவா? ஆகையால் நாம் வெளியேறிக் கதவைச் சாத்தும் வரைக்கும் சற்றுக் கண்ணை மூடிக்கொண்டிருக்கும்படி அதற்கு ஓர் அவகாசம் விதிக்கப்பட்டிருக்கிறது. அதற்கு எக்ஸிட் டிலே என்று பெயர். திரும்பி வரும்போது கதவைத் திறந்ததும், கீபேடுக்குப் போய் எண்ணை அழுத்தும் வரைக்கும் சைரனை அடக்கி வைத்துக்கொண்டு மெல்லப் பீப் பீப் என்று கூப்பிட்டபடி காத்திருக்கும் அவகாசம் என்ட்ரி டிலே. எங்கள் வீட்டில் முதலாவது 45 விநாடி, இரண்டாவது 30 விநாடி. மாமாவோ எண்ணை அழுத்திவிட்டு, மின்விசிறியை நிறுத்தினோமா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்து, முழங்கால் வலியோடு வாசலைத் தாண்டி, மரக்கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டு, கிரில்லைப் பிடித்துக்கொண்டு செருப்பை மாட்ட ஆரம்பித்தார். ஒரு செருப்பு மாட்டி முடிந்தபோது 45 விநாடியும் முடிந்தது. கதவு திறந்திருந்தது. யந்திரம் தன் கடமையைச் செய்தது.

பொருத்திய நிறுவனத்துக்குப் போன் செய்தேன். வந்த பையன் நல்ல பிள்ளைதான். "45 செகண்ட்தான் மேடம், எல்லா வீட்லயும் அப்படித்தான் வச்சிருக்கோம்" என்றான்.

"எல்லா வீட்லயும் எங்க மாமா இல்லையே தம்பி" என்றேன்.

அவன் சிரித்துவிட்டு, அமைப்புகளை மாற்றும் முறையைப் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனான். அன்று இரவே நான் உட்கார்ந்து, இரண்டு அவகாசங்களையும் 120 விநாடியாக உயர்த்திவிட்டேன். இனிக் கவலையில்லை என்று நிம்மதியாகத் தூங்கினேன். இரண்டு வாரம் சைரன் வாய் திறக்கவில்லை.

அது தவறு என்று எனக்குக் காட்டியவன் என் மகன். கல்லூரி விடுமுறைக்கு வந்திருந்தவன், "அம்மா, நான் திருடனா வரட்டுமா?" என்று கேட்டு, தாத்தாவின் பழைய எச்எம்டி கைக்கடிகாரத்தைக் கையில் கட்டிக்கொண்டு வெளியே போனான். முன்கதவைத் திறந்தான். பீப் ஒலி ஆரம்பித்தது. கூடத்தைக் கடந்து, எங்கள் படுக்கையறைக்குப் போய், பீரோச் சாவி வழக்கமாக இருக்கும் இடத்திலிருந்து அதை எடுத்து, பீரோவைத் திறந்து, நகைப்பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு மறுபடி வாசலுக்கு வந்து நின்றான். 74 விநாடி. சைரன் ஊத இன்னும் 46 விநாடி பாக்கி இருந்தது. பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் நின்றான். அந்தப் பெட்டியின் கனத்தை அன்றைக்குத்தான் நான் முழுவதுமாக உணர்ந்தேன்.

அப்போதுதான் ஒரு விஷயம் துலங்கியது. இரண்டு அவகாசங்களையும் ஒரே தராசில் நிறுத்தது என் பிழை. புறப்பாட்டின் அவகாசம் நமக்கு மட்டுமே உரியது. அந்த நேரம் முழுவதும் நாமே வாசலில் நிற்கிறோம், நம்மைத் தாண்டி எவனும் உள்ளே போகப்போவதில்லை, ஆகவே அதைத் தாராளமாக நீட்டுவதால் நஷ்டம் அநேகமாக ஒன்றுமில்லை. நுழைவின் அவகாசமோ நமக்கும் திருடனுக்கும் பொது. அதில் நாம் கூட்டுகிற ஒவ்வொரு விநாடியையும் அவனுக்கும் சேர்த்தே தானம் செய்கிறோம். ஆகையினால் முதலாவதில் உதாரகுணமும் இரண்டாவதில் கண்டிப்பும் வேண்டும். இந்த ஒரு வரியை யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருந்தால் பல இரவுகளின் விசாரம் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உங்களுக்குச் சொல்கிறேன்.

(சற்றே வேறு பக்கம் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். மின்சாரத்தால் இயங்கும் திருட்டு எச்சரிக்கை மணிக்கு 1853-ஆம் ஆண்டு அமெரிக்காவில் காப்புரிமை பெற்றவர் மாசசூசெட்ஸ் மாநிலத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் ரஸல் போப். கதவோ ஜன்னலோ திறந்தால் மின்சுற்று இணைந்து, காந்தம் இயங்கி, மணி அடிக்கும். அந்த உரிமையை வாங்கி அதை ஒரு பெரிய வியாபாரமாக வளர்த்தவர் எட்வின் ஹோம்ஸ். இன்று நம் கதவு நிலையில் ஒட்டியிருக்கும் சின்ன வெள்ளைப் பெட்டிக்கும் அன்றைய கருவிக்கும் ஸ்தூலத்தில் எவ்வளவோ வித்தியாசம் இருந்தாலும், அடிப்படை ஒன்றுதான், கதவு திறந்தால் அறிவிப்பது. இன்றைய கருவியில் கதவில் ஒரு காந்தம், நிலையில் அந்தக் காந்தத்துக்கு இசையும் ஒரு சுவிட்ச், இரண்டும் பிரிந்தால் செய்தி. கதவு திறந்தது என்பது மட்டுமே அதற்குத் தெரியும். திறந்தவர் யார் என்பது தெரியாது.)

திறந்தவர் யார் என்பது தெரியாது. இந்த வாக்கியத்தைத்தான் நான் நெடுநேரம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மகன் அத்தோடு விடவில்லை. அடுத்த நாள் கொல்லைப்புறக் கதவின் வழியாக வந்தான். அங்கேயும் 120 விநாடி! எங்கள் குடும்பத்தில் ஒருவரும் வெளியே போய்விட்டுக் கொல்லைப்புறமாகத் திரும்பி வருவதில்லை. அப்படியிருக்க அந்தக் கதவுக்கு எதற்காக அவகாசம்? பார்த்தால், எல்லா ஜோன்களையும் (ஒவ்வொரு கதவும் சென்சாரும் ஒரு ஜோன்) ஒரே ரகமாக அமைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாங்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்தோம். முன்கதவுக்கு மட்டும் போகவர அவகாசம். கொல்லைப்புறக் கதவு தொட்டால் உடனே ஊதும் ரகம். கூடத்து மூலையில் இருக்கும் நடமாட்டச் சென்சாருக்கு 'ஃபாலோயர்' என்று ஒரு ரகம் இருக்கிறது. அதன் யுக்தி மிகவும் ரசிக்கத்தக்கது. முன்கதவு முறைப்படி திறக்கப்பட்டு அவகாசம் ஓடிக்கொண்டிருந்தால், கூடத்தில் ஆள் நடந்தாலும் அது பொறுத்திருக்கும். முன்கதவு திறக்காமலேயே கூடத்தில் ஆள் நடமாடினால், அவன் ஜன்னல் வழியாகவோ ஓட்டைப் பிரித்தோ வந்தவன் என்று தீர்மானித்து ஒரு க்ஷணமும் தாமதிக்காமல் ஊதிவிடும். வாசல் வழியாக வருகிறவருக்கு மட்டுமே மரியாதை. புகைச் சென்சாரும் அவசரப் பொத்தானும் 24 மணி நேர ரகம். வீடு காவலில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவை விழித்தே இருக்கும்.

(நடமாட்டச் சென்சாரைப் பற்றி நம் ஊர்க்காரர்கள் அறிந்திருக்க வேண்டிய இரண்டு சங்கதிகள். அது உடம்பின் உஷ்ணம் நகர்வதைக் கண்டு அறிகிற கருவி. சித்திரை வெயிலில் அறையின் உஷ்ணமே உடம்பின் உஷ்ணத்தை நெருங்கிவிடும்போது அதன் கூர்மை குறைகிறது. அதை மட்டும் நம்பாமல் கதவுகளுக்கும் காந்தச் சென்சார் போடுங்கள். இரண்டாவது, பல்லி. சென்சாரின் முகத்தின்மேல் பல்லி ஊர்ந்தால் அதற்கு அது ஒரு பெரிய உருவமாகத் தோன்றிச் சைரன் ஊதும். வாரம் ஒருமுறை துடைத்து, பக்கத்து ட்யூப்லைட்டைச் சற்றுத் தள்ளிப் போட்டோம். பூச்சி வருவது குறைந்தது, பூச்சியைத் தேடிப் பல்லி வருவதும் குறைந்தது.)

இனி அளவு. இங்கேதான் மாமா மறுபடி உள்ளே வந்தார்.

நான் போய் அவர் எதிரே உட்கார்ந்து, "மாமா, அந்த 45 விநாடி யாரோ எங்கேயோ உட்கார்ந்து போட்ட கணக்கு. நம்ம வீட்டுக் கணக்கை நீங்கதான் போட்டுக் குடுக்கணும்" என்றேன். சைரனின் இணைப்பைத் தற்காலிகமாகக் கழற்றிவிட்டோம். அது கழன்று கிடப்பதை அவரே கண்ணால் பார்த்து உறுதி செய்துகொண்டார். பிறகு தம் எச்எம்டி கடிகாரத்தைப் பேரன் கையில் கொடுத்து, "ஓடாம, நிறுத்தாம, நான் எப்பவும் போற மாதிரி போறேன். எழுதிக்க" என்று ஆணையிட்டார்.

ஐந்து முறை வெளியே போனார். 78, 71, 84, 69, 75. மகன் ஒரு பழைய டைரியில் வரிசையாக எழுதினான். சராசரியை எடுப்பதா என்று கேட்டான். மாமா தலையை ஆட்டினார். "சராசரிக்கு வண்டி விட்டா பாதிப் பேர் பிளாட்பாரத்துல நிப்பாங்க. அதிகமானதை எடு. அதுக்கு மேல கொஞ்சம் போடு" என்றார். ரயில்வேயில் ஊறிய அந்த வாக்கியத்தை நான் பொன்னெழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன். 84-க்கு மேல் ஒரு கையிருப்பு வைத்து, புறப்பாட்டுக்கு 120 விநாடியையே நிலைநிறுத்தினோம்.

உள்ளே வருவதையும் அளந்தோம். பகலில் 31, 28, 33. இருட்டியபின் அளந்தால் 44! கூடத்து விளக்கின் சுவிட்ச் கீபேடுக்கு அப்பால் இருந்ததால், இருட்டில் சுவரைத் தடவியபடியே போயிருக்கிறார். இந்தப் 11 விநாடியை அலாரத்தில் கூட்டினால் அது திருடனுக்கும் போய்ச் சேரும். அதனால் எண்ணை மாற்றாமல் வீட்டை மாற்றினோம். எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கதவைத் திறந்தவுடன் கைக்கு எட்டும்படி ஒரு சுவிட்ச் போட்டோம். கீபேடைக் கூடத்தின் நடுச்சுவரிலிருந்து பெயர்த்து, வாசலுக்கு நான்கு அடி உள்ளே, மாமாவின் கண்மட்டத்தில் வைத்தோம். செருப்பைக் கழற்றுவது, பையைக் கீழே வைப்பது, மூக்குக்கண்ணாடியை எடுத்து மாட்டுவது ஆகிய சகல காரியங்களையும் வராந்தாவிலேயே முடித்துக்கொண்டு அதன்பிறகுதான் மரக்கதவின் பூட்டில் சாவியைப் போடுவது என்று ஒரு கிரமம் வகுத்தோம். கதவு திறக்கும் வரை கடிகாரம் ஓடாது அல்லவா! மறுபடி அளந்தோம். பகலில் 17, இரவில் 19. ஆகவே என்ட்ரி டிலே பழையபடி 30 விநாடிக்கே திரும்பியது. மாமாவுக்கு 11 விநாடி மிச்சம் இருக்கிறது. திருடனுக்கு 30 விநாடியில் பீரோ வரைக்கும் போய்ச் சேரலாம். நகைப்பெட்டியோடு திரும்ப முடியாது. (பீரோச் சாவியும் இப்போது பழைய இடத்தில் இல்லை.)

நாங்கள் எங்கள் வீட்டு வாசலில் கண்டுபிடித்த இதே உண்மையைத் தரநிலை வகுக்கிறவர்களும் கண்டிருக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தபோது எனக்கு மிகுந்த ஆனந்தம் உண்டாயிற்று. பொய்யான அலாரங்களைக் குறைப்பதற்கென்றே அமெரிக்காவில் சிபி-01 என்று ஒரு தரநிலை இருக்கிறது. அதன்படி எக்ஸிட் டிலே 45 விநாடிக்குக் கீழே போகக்கூடாது, வழக்கமான அளவு 60. நுழைவின் அவகாசம் 30-க்குக் குறையக்கூடாது. ஐரோப்பியத் தரநிலையோ நுழைவுக்கு 45 விநாடி என்று ஓர் உச்சவரம்பு கட்டுகிறது. சிபி-01-இல் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று: புறப்பட்டுக் கதவைச் சாத்தியவர், அவகாசம் முடிவதற்குள் மறந்த பொருளை எடுக்க மறுபடி உள்ளே வந்தால், கடிகாரம் மீண்டும் முதலிலிருந்து ஓட ஆரம்பிக்க வேண்டும் என்று அது சொல்கிறது. மூக்குக்கண்ணாடியை மறப்பதும் குடையை மறப்பதும் மனித இயல்பு என்று எவரோ ஒருவர் கருணையோடு நினைத்துப் பார்த்து எழுதிய விதி அது. உங்கள் கருவியில் அந்த வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் கட்டாயம் இயக்கி வையுங்கள்.

அத்தையின் பிரச்சினை வேறு.

இரவில் நாங்கள் வீட்டுக்குள் படுத்திருக்க, கதவுகள் மட்டும் காவலில் இருக்கும் 'ஸ்டே' முறையில் வைப்போம். அந்த முறையில் முன்கதவுக்கு அவகாசமே தராமல் அமைத்திருந்தார்கள். நள்ளிரவுக்கு அது சரியான ஏற்பாடுதான். ஆனால் அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு வாசல் தெளித்துக் கோலம் போடக் கதவைத் திறப்பவர். சைரன் ஊதிவிடுமோ என்று அஞ்சி, நாங்கள் எழுந்திருக்கும் வரைக்கும் கையில் கோலமாவுக் கிண்ணத்தோடு கூடத்திலேயே உட்கார்ந்திருந்தார் என்பதை ஒரு வாரம் கழித்துத்தான் அறிந்தேன். நெஞ்சு கனத்துப் போயிற்று. தினமும் 4:45-க்குத் தானாகவே காவல் விலகும்படி செய்யலாம் என்றான் மகன். ஆனால் அத்தை ஊருக்குப் போயிருக்கும் நாளிலும் வீடு அந்த நேரத்தில் காவலின்றிக் கிடக்குமே! கடைசியில் ஒரே பொத்தானை அழுத்தினால் காவல் விலகும் சின்ன ரிமோட் ஒன்று வாங்கி, கோலமாவு டப்பா இருக்கும் அலமாரியின் ஆணியில் மாட்டினோம். டப்பாவை எடுக்கப் போகும் கை முதலில் அந்தப் பொத்தானை அழுத்துகிறது. வெளியே போகிற நாட்களில் அந்த ரிமோட்டைக் கையோடு எடுத்துப் போய்விடுகிறோம். ஆணியில் தொங்கும் ரிமோட் திறந்த வீட்டுக்குச் சமம்.

இத்தனையும் செய்த பிறகு, நண்பர்களே, உங்களிடம் நான் கேட்டுக்கொள்வது சிறிய காரியம். அலாரம் பொருத்தி முடித்து ஆள் கிளம்புவதற்கு முன், உங்கள் வீட்டிலேயே மிக மெதுவாக நடப்பவர் யாரோ அவரை நடக்கச் சொல்லி, கடிகாரத்தைப் பார்த்து, ஐந்து முறை அளந்து, அதிகமானதை எழுதிக்கொள்ளுங்கள். ஒருமுறை இருட்டிலும் அளந்து பாருங்கள். மின்தடையின்போதும் பாருங்கள், பேனலுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியில் கீபேடு எரியும், கூடத்து விளக்கு எரியாது. பீப் ஒலி அவர் காதுக்குக் கேட்கிறதா என்று கேளுங்கள். கருவியோடு வந்த ஆரம்ப எண்களை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். வீட்டில் ஒருவர் அந்தக் கருவிக்குப் பயந்தாலும் நாளடைவில் அது காவலுக்கே நிற்காது. காவலுக்கு நிற்காத சைரன் சுவரில் மாட்டிய வெறும் பெட்டி.

நேற்று மாலை மாமா தனியாகவே நாச்சியார் கோவிலுக்குப் போய்விட்டு வந்தார். நான் மாடியிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வராந்தாவில் நிதானமாகச் செருப்பைக் கழற்றினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிரசாதப் பையைத் திண்டின்மேல் வைத்தார். மரக்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. உடனே, பீப், பீப், பீப்.

நம் வீடுகளில் கதவு தட்டும் சத்தம் கேட்டால் உள்ளிருந்து "யாரது?" என்று ஒரு குரல் வரும், வெளியே நிற்பவர் தம்மைச் சொல்லும் வரைக்கும் அந்தக் குரல் காத்திருக்கும். திறந்தவர் யார் என்று தெரியாத ஒரு யந்திரத்துக்கு அப்படிக் கேட்பதற்கும் காத்திருப்பதற்கும் கிடைத்த ஒரே வழி அந்த 30 விநாடிதான். மாமா அன்று கேட்ட கேள்விக்கு இதுதான் என் பதில்: அது உங்களைத் திருடன் என்று சொல்லவில்லை, மாமா, யாரது என்று கேட்கிறது. நீங்கள் சொல்லி முடிக்கும் முன்பே கதவை அறைந்து சாத்தும்படி அதைப் பழக்கியிருந்தது எங்கள் குற்றம்.

இதையெல்லாம் அவரிடம் சொல்லலாம் என்று நான் படியிறங்கி வருவதற்குள், கீழே நான்கு பொத்தான்கள் நிதானமாக, ஒன்றன்பின் ஒன்றாக அழுந்தும் ஒலி கேட்டது.

"நான்தான்" என்றார் மாமா.

பீப் ஒலி நின்றது.